அலை தெரியல, பனி வரல, உம்முனு சத்தம்: தண்ணி, வெளிச்சம், ஒலி ரூமை சரி பண்ற வழி

இருட்டு ரூம். நடுவுல நாலடிக்கு நாலடி கருப்பு தட்டு, அதுல ஒரு சென்டிமீட்டர் தண்ணி. தட்டுக்கு அடியில பாஸ் ஷேக்கர் (கீழ் பாஸ் ஒலியை அதிர்வா மாத்துற கருவி), பக்கவாட்டுல இருந்து சாய்வா ஒரே ஒரு லைட், எதிர் சுவர் முழுக்க அலை ஓடும். ஓரத்துல, தண்ணிய பனியாக்குற மிஸ்ட் மேக்கர்ல இருந்து பனி தரையோட தரையா ஊர்ந்து வரும், தரையில எல்இடி ஸ்ட்ரிப் ஆறு மாதிரி வளைஞ்சு போகும், நாலு மூலையிலும் தவளை, மழை, ஓடை சத்தம். ஆள் கிட்ட போனா சென்சார் பாத்து எல்லாம் லேசா மாறும். இந்த மாதிரி செட்டப்பை கேலரிக்கும் ஸ்கூலுக்கும் போட்டுக் குடுத்து, அப்புறம் அதே செட்டப்பை ரிப்பேர் பண்ண திரும்பத் திரும்ப போய்ட்டு வர்றதுதான் என் வேலை. ஒரே அஞ்சாறு கோளாறுதான் மாத்தி மாத்தி வருது, அதனால எழுதி வெச்சுடலாம்னு உக்காந்தேன்.

போன்ல கூப்பிடுறவங்க எல்லாரும் முதல்ல சொல்றது "சார் ஆம்ப் போயிடுச்சு", "கன்ட்ரோலர் போயிடுச்சு". ஆம்ப்னா ஒலியைப் பெருக்குற பெட்டி, கன்ட்ரோலர்னா லைட்டையும் சென்சாரையும் ஓட்டுற பெட்டி. நேர்ல போய்ப் பாத்தா பாதிக்கு மேல கோளாறு தண்ணியிலதான் இருக்கும். அதனால எந்த பெட்டியையும் திறக்குறதுக்கு முன்னாடி தண்ணியப் பாருங்க. தண்ணிக்குள்ள கை விடுறதுக்கு முன்னாடி பிளக்கை உருவுங்க, ஸ்விட்ச் ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. தண்ணியத் தொட்டா கை சுரீர்னு கூசுது, இல்ல ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா தானா விழுற பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுதுன்னா நடுவுல எதையும் படிக்காதீங்க, நேரா கடைசி தலைப்புக்குப் போங்க.

சுவத்துல அலை தெரியல, இல்ல மங்கலா தெரியுது

முதல்ல தட்டுக்குக் கிட்ட குனிஞ்சு தண்ணியப் பாருங்க. தண்ணியில அலை ஆடுதா இல்லையா? இதை வெச்சு வழி ரெண்டா பிரியும்.

*தண்ணியில அலையே இல்ல, இல்ல சோம்பலா ஆடுது*

எண்ணெய்ப் படலம்தான் முதல் சந்தேகம். ஈசிஆர் பக்கம் ஒரு இடத்துல காலையில சூப்பரா ஓடின அலை மத்தியானம் செத்துப் போச்சுன்னு கூப்பிட்டாங்க. நான் போய் ஆம்ப், கேபிள், ஷேக்கர்னு ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் கழட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் இல்ல. அப்புறம் டார்ச்சை தாழ்த்திப் புடிச்சு தண்ணி மேல சாய்வா அடிச்சப்பதான் மழை நாள்ல ரோட்டுல பெட்ரோல் சிந்தின மாதிரி வானவில் கலர் திட்டுத் திட்டா மிதக்குறது தெரிஞ்சுது. காலையில வந்த ஸ்கூல் புள்ளைங்க எல்லாம் தேங்காய் எண்ணெய் தடவின தலையத் தொட்ட கையோட ஒரு விரல் விட்டுப் பாத்திருக்காங்க, அவ்வளவுதான். அந்த மெல்லிசு படலம் சின்ன அலைகளை அப்படியே அமுக்கிடும்.

சரி பண்றது சுலபம். அச்சடிக்காத வெள்ளை பேப்பர், இல்ல பெரிய டிஷ்யூ பேப்பரை தண்ணி மேல படுக்க வெச்சு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரத்துக்கு மெதுவா இழுங்க. பேப்பர் படலத்தை அள்ளிட்டு வந்துடும். மூணு தடவை பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் புது பேப்பர். நான் அன்னிக்கு மூணாவது பேப்பரை இழுத்து முடிக்கிறப்பவே பின்னாடி சுவத்துல அலை திரும்ப எழும்பி வந்துடுச்சு. அப்பவும் சரியாகலைன்னா தண்ணிய முழுசா எடுத்துட்டு தட்டை பாத்திரம் கழுவுற சோப்பு போட்டுத் தேய்ச்சு, சோப்பு கொஞ்சமும் இல்லாம நாலஞ்சு தடவை அலசணும், ஏன்னா சோப்பு மிச்சமும் அலையைக் கெடுக்கும்.

அடுத்தது மட்டம். கொத்தனார் வெச்சிருக்குற ரசமட்டத்தை தட்டோட ரெண்டு பக்கமும் வெச்சுப் பாருங்க. நாலடி தட்டுல ஒரு சென்டிமீட்டர் தண்ணின்னா சுமார் 15 லிட்டர், அதாவது 15 கிலோ. அக்ரிலிக் ஷீட் மெல்லிசா இருந்தா நடுவுல தொய்ஞ்சு போய், நடுவுல ஆழமும் ஓரத்துல வறட்சியுமா இருக்கும். அடியில ஒரு பிளைவுட் சட்டம் குடுத்தாலே போதும். ஏசி ரூம்ல தண்ணி ஆவியாகி அளவு குறையும், அதனால ஒரு சின்ன ஸ்கேலை ஓரத்துல ஒட்டி வெச்சு தினமும் பாருங்க.

இதெல்லாம் சரின்னா ஷேக்கருக்கு வாங்க. பாட்டு ஓடும்போது தட்டுக்கு அடியில உள்ளங்கைய வைங்க. அதிர்வு இருக்கு ஆனா கடகடன்னு தகரச் சத்தமும் வருதுன்னா ஸ்க்ரூ தளர்ந்திருக்கு, முறுக்குங்க, ஸ்ப்ரிங் வாஷர் போடுங்க, இல்லன்னா ஒரு வாரத்துல திரும்பத் தளரும். அதிர்வே இல்லன்னா ஆம்ப்ல லோ கட் பட்டன் அமுங்கி இருக்கான்னு பாருங்க. கீழ் பாஸை வெட்டுற பட்டன் அது, யாராவது துணி போட்டுத் துடைக்கும்போது அமுங்கிடும், ரூம்ல ஸ்பீக்கர் எல்லாம் வழக்கம் போல பாடும், ஷேக்கர் மட்டும் தூங்கும். அதுவும் இல்லன்னா ஷேக்கர் வயரை ஆம்ப்ல இருந்து கழட்டி ஒரு பென்சில் பேட்டரிய அந்த ரெண்டு முனையிலும் தொட்டு எடுங்க. டப்புனு ஒரு சத்தம் வந்தா ஷேக்கர் உயிரோட இருக்கு, கோளாறு ஆம்ப்லயோ வயர்லயோ. சத்தமே இல்ல, மல்டிமீட்டர்லயும் ஓப்பன்னு, அதாவது உள்ள இணைப்பு அறுந்துடுச்சுன்னு, காட்டுதுன்னா காயில் எரிஞ்சிருக்கு, புதுசு வாங்குங்க. எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழட்டின அப்புறமும் ஆம்ப்ல புரொடெக்ட் லைட் அணையலைன்னா சர்வீஸ்காரர்கிட்ட குடுங்க, நீங்க திறக்காதீங்க, உள்ள கெபாசிட்டர்ல கரன்ட் தங்கி இருக்கும்.

இன்னொண்ணு. எல்லாம் சரியா இருந்தும் அலை ஊசி ஊசியா ரொம்ப சின்னதா வந்தா, ஒலிய மாத்துங்க. 20ல இருந்து 60 ஹெர்ட்ஸ்க்குள்ள மெதுவா ஏத்தி இறக்கிப் பாருங்க, கீழ போகப் போக அலை பெருசாகும். தட்டு மேலயும் கீழயும் ஆடும்போது தண்ணியில வர்ற அலை, குடுத்ததுல பாதி வேகத்துல ஆடும், 40 குடுத்தா 20. விஞ்ஞானி ஃபாரடே 1831லயே இதை எழுதி வெச்சுட்டார். அதனால பாட்டுத் தாளத்துக்கும் அலைக்கும் பொருந்தலைன்னு கம்ப்யூட்டரை நோண்டிட்டு இருக்காதீங்க.

*தண்ணியில அலை நல்லா இருக்கு, சுவத்துல மட்டும் இல்ல*

அப்ப லைட்தான். லைட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல விரலை நீட்டி நிழலப் பாருங்க. நிழல் ஓரம் கத்தி மாதிரி வெட்டா இருந்தா லைட் சரி. பஞ்சு மாதிரி இருந்தா லைட் ரொம்ப அகலம், யாரோ ஃப்ராஸ்டட் கண்ணாடியோ பேனல் லைட்டோ மாட்டிட்டாங்க. சந்தேகம் தீரணும்னா ரூம் லைட்டை அணைச்சுட்டு போன் டார்ச்சை அதே இடத்துல புடிங்க. டார்ச்சுல அலை கூர்மையா வந்துச்சுன்னா பழி லைட் மேலதான். டிஃப்யூசரை, அதாவது வெளிச்சத்தைப் பரப்புற மூடியை, கழட்டுங்க, இல்ல லைட்டை இன்னும் தள்ளி வைங்க. அலை ஓரத்துல சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியா பிரிஞ்சு வருதுன்னா அது கலர் சிப்பு தள்ளித் தள்ளி இருக்குற பார் கேன்ங்குற மேடை லைட், ஒரே சிப்பு இருக்குற வெள்ளை சிஓபி லைட்டுக்கு மாறி முன்னாடி கலர் ஜெல் (கலர் பிளாஸ்டிக் தாள்) போடுங்க.

வெளிச்சம் பத்தலைன்னு பெரிய லைட் வாங்க ஓடாதீங்க. இருக்குற லைட்டைத் தாழ்த்தி, தண்ணிக்கு கிட்டத்தட்ட படுக்கவாட்டுல அடிங்க. சாய்வு கூடக் கூட தண்ணி கண்ணாடி மாதிரி திருப்பி அடிக்கும். இது காசு இல்லாத வைத்தியம்.

பனி வரல, கம்மியா வருது, இல்ல தப்பான பக்கம் போகுது

*வரவே இல்ல*

தண்ணி அளவு. மிஸ்ட் மேக்கர்ல ஒரு சின்ன முள் மாதிரி சென்சார் இருக்கும், அது மூழ்கி அதுக்கு மேல ரெண்டு விரல் அளவு தண்ணி இருந்தா போதும். குறைஞ்சா தானா நின்னுடும், ரொம்ப கூடினா தண்ணி மேல ஒரு குமிழ் மட்டும் பொங்கும், பனி வராது.

அளவு சரியா இருந்தும் வரலையா, என்ன தண்ணி ஊத்தினீங்க? பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி இருந்தா சில மாடல்ல சென்சாருக்கு தண்ணி இருக்குறதே தெரியாது, சுத்தத் தண்ணியில கரன்ட் கடத்துறது ரொம்பக் கம்மி. ரெண்டு விரல்ல கிள்ளி எடுக்குற அளவு உப்பு போடுங்க, உடனே ஓடும். இந்த ஒரு கிள்ளு உப்புக்காக புது மிஷின் வாங்கின ஆளுங்களை எனக்குத் தெரியும், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

*வருது, ஆனா நாளுக்கு நாள் குறையுது*

பிளக்கை உருவிட்டு நடுவுல இருக்குற வட்டத் தகட்டைப் பாருங்க. வெள்ளையா பொருக்கு கட்டி இருக்கும், போர் தண்ணி உப்புதான் அது. வெள்ளை வினிகர்லயோ எலுமிச்சம்பழச் சாறுலயோ அரை மணி நேரம் ஊற வெச்சு, மெல்லிசு பஞ்சுல துடைங்க. கத்தி, ஸ்டீல் நார் எதுவும் படக்கூடாது, ஒரு கீறல் விழுந்தா தகடு காலி. ஓடும்போது அந்த இடத்துல விரல் வைக்காதீங்க, சுருக்குனு சுடும். சுத்தம் பண்ணியும் வரலைன்னா அடாப்டர் வோல்ட் பாருங்க, 24னு போட்டிருந்தா ஓடும்போதும் 24 கிட்ட நிக்கணும். அதுவும் சரின்னா தகடுதான் தேஞ்சிருக்கு. தகடு மட்டும் தனியா கிடைக்கும், ரப்பர் வளையத்தோட மாத்தலாம். முழு யூனிட் வாங்குறது கடைசி.

*பனி கூரைக்குப் போகுது, இல்ல ஒரே பக்கம் ஓடுது*

ஒரு ஊதுவத்தி ஏத்தி ரூம்ல நடந்து பாருங்க, புகை எந்தப் பக்கம் சாயுதோ அங்க ஏசி காத்து அடிக்குது. ஏசி இறக்கையைத் திருப்புங்க, மிஸ்ட் தொட்டிய நாலு விரல் உயரத்துக்கு ஒரு அட்டையால சுத்தி வளைங்க. ஊதுவத்திய ஸ்மோக் டிடெக்டர் பக்கம் கொண்டு போகாதீங்க. பனியாலயே டிடெக்டர் அலறுதுன்னா அதுக்கு மேல டேப் ஒட்டி மூடுற வேலை மட்டும் வேண்டாம், பில்டிங் ஃபயர் சேஃப்டி ஆளைக் கூப்பிட்டு இடத்தை மாத்தச் சொல்லுங்க. இருட்டு ரூம்ல புள்ளைங்க இருக்காங்க.

*ப்ரொஜெக்டர் லென்ஸ், ஸ்பீக்கர் மேல எல்லாம் வெள்ளைப் பொடி*

தண்ணியில இருக்குற உப்பு பனியோட பறந்து காய்ஞ்சு படியுது. ஆர்ஓ தண்ணிக்கு மாறுங்க. 1970ல ஒசாகா எக்ஸ்போல ஃபுஜிகோ நகாயாங்குற ஜப்பான் கலைஞர் ஒரு பெவிலியனையே பனியால மூடினாங்க, அங்க நாசில் வழியா அடிச்சதும் சுத்தத் தண்ணிதான்.

பனிக்கு ஊத்துற தண்ணிய தினமும் கொட்டிட்டு தொட்டியத் துடைச்சு காய வெச்சுடணும். நேத்து தண்ணியில இன்னிக்கு பனி விடாதீங்க. தேங்கின தண்ணியில லெஜியோனெல்லா மாதிரி கிருமி வளரும், பனியா மாறினா நேரா நெஞ்சுக்குள்ள போகும். வயசானவங்களும் கைக்குழந்தையும் வர்ற இடம் இது. தொட்டி ஒரு தடவை வழவழன்னு ஆயிடுச்சுன்னா ப்ளீச்சிங் தண்ணியில கழுவி, வாடை போற வரைக்கும் அலசிட்டுதான் திரும்ப ஓட்டணும்.

எல்இடி ஆறு சரியா ஓடல

*கடைசில போகப் போக வெள்ளை மஞ்சளாகி சிவப்பாகுது.* வோல்டேஜ் வடியுது. மீட்டருக்கு 60 பல்பு இருக்குற 5 வோல்ட் ஸ்ட்ரிப் அஞ்சு மீட்டர்னா 300 பல்பு, ஒண்ணு முழு வெள்ளைக்கு 60 மில்லி ஆம்ப் வரை இழுக்கும், கூட்டினா 18 ஆம்ப். இவ்வளவையும் ஒரு முனையில மெல்லிசு வயர்ல குடுத்தா கடைசி வரைக்கும் எப்படிப் போகும்? மறு முனையிலும் நடுவுலயும் பவர் குடுங்க. வயரைத் தொட்டா சூடா இருக்குன்னா அன்னிக்கே மாத்துங்க. உடனே முடியலைன்னா பிரைட்னஸை பாதியாக்குங்க, இருட்டு ரூமுக்கு அதுவே ஜாஸ்திதான்.

*நடுவுல ஒரு இடத்தோட நின்னு போச்சு.* ஒவ்வொரு பல்பும் அடுத்ததுக்கு டேட்டா கடத்துது, ஒண்ணு செத்தா அதுக்கு அப்புறம் எல்லாம் இருட்டு. கடைசியா எரியுற பல்பு, இல்ல எரியாத முதல் பல்பு, ரெண்டுல ஒண்ணுதான் குற்றவாளி. ரெண்டையும் வெட்டி எடுத்துட்டு அம்புக்குறி திசை பாத்து சோல்டர் பண்ணுங்க. வெட்டும்போது செம்பு பச்சையா இருக்குன்னா உறைக்குள்ள தண்ணி போயிருக்கு, அந்த ஒரு மீட்டரையே மாத்துறது நல்லது.

*கண்டபடி மின்னுது.* ஸ்ட்ரிப் பவரோட மைனஸும் கன்ட்ரோலர் மைனஸும் ஒண்ணா சேந்திருக்கான்னு பாருங்க, நான் பாத்ததுல முக்கால்வாசி இதுதான். அப்புறம் டேட்டா வயரை ரொம்ப நீளமா விடாதீங்க, அதோட ஆரம்பத்துல 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்க. கன்ட்ரோலர் 3.3 வோல்ட்னா நடுவுல லெவல் ஷிஃப்டர் (சிக்னலை 5 வோல்ட்டுக்கு ஏத்துற சின்ன போர்டு) வேணும். டிஎம்எக்ஸ் லைட்டா (கேபிள் வழியா கட்டளை வாங்கி ஓடுற மேடை லைட்) இருந்தா மைக் கேபிளைப் போட்டு ஓட்டாதீங்க, கடைசி லைட்ல 120 ஓம் டெர்மினேட்டர் போடுங்க.

ஒலிக் கோளாறு

*உம்ம்ம்னு ஒரு சத்தம் விடாம வருது.* முதல்ல லேப்டாப் சார்ஜரை உருவுங்க. நின்னுச்சா? கிரவுண்ட் லூப், அதாவது எர்த் ரெண்டு வழியா இணைஞ்சு வட்டமா கரன்ட் சுத்துது. எல்லாத்தையும் ஒரே பிளக் பாயின்ட்ல இருந்து எடுங்க, அப்பவும் இருந்தா லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவுல ஆடியோ கேபிள்ல ஒரு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க, சின்னப் பெட்டிதான். எர்த் பின்னை ஒடிச்சுட்டா உம்முனு வர்றது நிக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. நிக்கும்தான், ஆனா ரூம்ல தண்ணி இருக்கு, ஒரு நாள் அந்த எர்த்துதான் ஒரு உயிரைக் காப்பாத்தும். லைட்டை டிம் பண்ணும்போது மட்டும் சத்தம் மாறுதுன்னா ஆடியோ கேபிளும் லைட் கேபிளும் ஒட்டி ஓடுது, பிரிங்க, கடக்க வேண்டிய இடத்துல குறுக்கா கடக்க விடுங்க.

*தவளைச் சத்தம் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கணம் அறுந்து வருது.* ஃபைல் எம்பி3யா? அதுல முன்னாடி பின்னாடி கொஞ்சம் வெறுமை சேரும். ஒரிஜினல் ரெக்கார்டிங்ல இருந்தே வேவ் ஃபைலா எடுத்துப் போடுங்க. முடிஞ்சுது.

*அலை ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம்.* ப்ளூடூத்ல ஓட்டறீங்களா? வயர் போடுங்க. வயர்லயும் இருந்தா ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாருங்க, ஒரு மீட்டருக்கு சுமார் 3 மில்லி செகண்ட் தாமதம் வரும், பெரிய ஹால்னா டிலே செட்டிங்ல பிரிச்சு விடணும்.

சென்சார்: ஆள் வந்தாலும் மாறல, ஆளே இல்லாம மாறுது

ஆளே இல்லாம மாறுதுன்னா பிஐஆர் சென்சார் (உடம்புச் சூட்டை உணர்ற சென்சார்) ஏசியையோ ஜன்னல் வெயிலையோ பாத்துட்டு இருக்கு, திருப்புங்க. ஆன் பண்ண முதல் ஒரு நிமிஷம் அது தாறுமாறாத்தான் இருக்கும், பொறுங்க. ஒலி அனுப்பி தூரம் பாக்குற அல்ட்ராசோனிக் சென்சார்னா அலையும் கம்பளித் துணியும் அதைக் குழப்பும், தண்ணியப் பாக்காம இடுப்பு உயரத்துல ஆளைப் பாக்குற மாதிரி வைங்க. தூரத்தை அளக்குற டெப்த் கேமராவுக்கு தண்ணிப் பரப்பு ஒரு ஓட்டை மாதிரி, அந்த இடத்தை சாஃப்ட்வேர்ல மறைச்சுடுங்க. கருப்பு டிரஸ் போட்டவங்களையும் அது சரியாப் பாக்காது. லண்டன் பார்பிகன்ல 2012ல வந்த ரெயின் ரூமும் டெப்த் கேமரா வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சு அந்த இடத்துல மட்டும் மழைய நிறுத்துனதுதான். கேமரா கோணத்தை மேல இருந்து ரெண்டு பக்கமா குடுத்தா கருப்பு டிரஸ்ஸையும் ஓரளவுக்குப் புடிக்கும்.

தண்ணி பச்சையாகுது, நாறுது, கொசுப்புழு நெளியுது

வாரத்துக்கு ஒரு தடவை தட்டைக் காலி பண்ணித் தேய்ங்க, முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். லீவ் நாள்ல தட்டை காய விடுங்க. கொசுவுக்குன்னு எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க, முதல் தலைப்பை மறுபடி படிக்க வேண்டி வரும்.

ஆர்சிசிபி விழுது, இல்ல தண்ணி கை கூசுது

கை கூசினா மெயினை இறக்குங்க, எல்லாரையும் வெளிய அனுப்புங்க. ஒரு விரல் விட்டுப் பாத்து உறுதி பண்ற வேலை கிடையாது.

ஆர்சிசிபி மட்டும் விழுதுன்னா, மெயினை இறக்கிட்டு எல்லா பிளக்கையும் உருவுங்க. கை காய்ஞ்சிருக்கணும், கால்ல ரப்பர் செருப்பு இருக்கணும். எதையும் மாட்டாம மெயினையும் ஆர்சிசிபியையும் ஏத்துங்க. எதுவுமே இல்லாம விழுதுன்னா சுவர் வயரிங்லயே லீக்கேஜ், அதோட நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. நிக்குதுன்னா ஒவ்வொண்ணா மாட்டுங்க, எதுல விழுதோ அதைத் தனியா எடுத்து வைங்க. பெரும்பாலும் தரையில கிடக்குற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரமாகி இருக்கும், அதைக் காய வெச்சு, தரையில இருந்து மேல தூக்கி சுவத்துல மாட்டுங்க. அடுத்தது தண்ணிக்கு அடியில போற லைட் கேபிள்ல இருக்குற ஜாயின்ட். கருப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி இருந்தா அதுதான் காரணம்னு கிட்டத்தட்ட முடிவு கட்டிடலாம், அந்த டேப் தண்ணிக்குள்ள நிக்காது. தண்ணிக்குள்ள ஜாயின்ட்டே இல்லாத ஒரே கேபிள் வாங்குங்க, லைட்டும் 12 வோல்ட்டா இருக்கட்டும்.

இதுக்கு மேல உங்க வேலை இல்ல. எலக்ட்ரீஷியன்கிட்ட மூணு விஷயம் சொல்லுங்க: எந்த சாதனம் மாட்டினா விழுது, உடனே விழுதா கொஞ்ச நேரம் கழிச்சா, தண்ணி ஊத்தினப்புறம்தான் ஆரம்பிச்சுதா. மெக்கர் (இன்சுலேஷன்ல கசிவு இருக்கான்னு பாக்குற மீட்டர்) வெச்சு ஒவ்வொரு கேபிளையும் எர்த்தையும் பாக்கச் சொல்லுங்க, ஆர்சிசிபி 30 மில்லி ஆம்ப்தானான்னு பாக்கச் சொல்லுங்க, டெஸ்ட் பட்டனை உங்க முன்னாடி அழுத்தச் சொல்லுங்க. அழுத்தியும் விழலைன்னா அதை மாத்தாம கிளம்ப விடாதீங்க. அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ரூம் கதவைப் பூட்டி சாவியை உங்க பாக்கெட்ல வெச்சுக்கோங்க, வாசல்ல ஸ்கூல் பஸ் வந்து நின்னாலும் சரி.